பத்தில் ஒன்று எங்கே போக வேண்டும்?

முதல் சம்பளம் கைக்கு வந்ததும் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது: வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தை யாருக்குக் கொடுக்கட்டும்? அம்மா, "நம்ம சபைக்குக் கொடு, கவர்ல போட்டு ஐயர் கையில கொடு" என்பார்; ஐயர் என்றால் சபைப் போதகர். அத்தைக்கு டிவியில் தினமும் காலையில் ஜெபிக்கிற ஊழியர்மேல் நம்பிக்கை. "நீ வேலைக்கு அலைஞ்சப்போ அவங்களுக்குத்தானே ஜெபத்துக்கு எழுதிப் போட்டேன், அங்க அனுப்பு" என்பார். தாத்தா இருந்தால் மிஷனெரி சங்கத்தைச் சொல்வார். கூட வேலை பார்க்கும் நண்பனோ, "உங்க தெருவுலேயே ஒரு பிள்ளை ஃபீஸ் கட்ட முடியாம நிக்குது, நீ எங்கேயோ அனுப்பப் போறியா?" என்று கேட்பான்.

நான்கு பேரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் நான்கும் ஒன்றல்ல. சபைக் கமிட்டியில் சில காலம் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில், இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

ஒப்பிட வேண்டுமென்றால் அளவுகோல் ஒன்று வேண்டும். பலரும் கையில் எடுப்பது பகட்டை. பெரிய ஹால், ஏசி, எல்இடி திரை, கோட்டு சூட்டு இருந்தால் அது வியாபாரம். ஓலைக் கூரையும் ஒரே ஒரு தம்புரீனும் இருந்தால் உண்மையான ஆராதனை. இது சரிப்படாது. மெஞ்ஞானபுரம் ஆலயக் கோபுரம் 192 அடி உயரம். இடையன்குடியில் கால்டுவெல் எழுப்பிய ஆலயம் முடிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அவற்றின் பிரம்மாண்டத்தைப் பார்த்து யாரும் கடை என்று சொல்வதில்லை. அதேபோல, கூரைக் கொட்டகைக்குள் நாலு பேர் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவரும் உண்டு.

நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. காணிக்கை கொடுக்க முடியாத ஒருவருக்கு அந்த இடத்தில் என்ன மரியாதை? இதை மட்டும்தான் பார்க்கிறேன்.

இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. எருசலேம் தேவாலயத்தில் இயேசு செய்ததை நான்கு சுவிசேஷங்களும் எழுதியிருக்கின்றன. காசுக்காரரின் மேசைகளைக் கவிழ்த்தார் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். புறா விற்கிறவர்களின் ஆசனங்களையும் கவிழ்த்தார் என்று மத்தேயுவும் மாற்கும் தனியாகக் குறிப்பிடுகிறார்கள். யோவானில் அவர் நேராகப் பேசுவதே புறா விற்கிறவர்களிடம்தான். புறா ஏழையின் பலி. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாத தாய் இரண்டு புறா கொண்டுவரட்டும் என்கிறது லேவியராகமம் 12. இயேசு பிறந்தபின் மரியாளும் யோசேப்பும் கொண்டுபோனதும் அதைத்தான் (லூக்கா 2:24). புறாவுக்கும் வழியில்லாதவன் கொஞ்சம் மாவு கொண்டுவந்தால் போதும் என்று லேவியராகமம் ஐந்தாம் அதிகாரம் இன்னும் கீழே இறங்கி வருகிறது. ஒன்றுமில்லாதவனும் உள்ளே வரட்டும் என்று தேவன் திறந்துவைத்த வாசல் அது. அந்த வாசலிலேயே கடை போட்டுவிட்டார்கள். தன் தாய் வந்து நின்ற வரிசையில் நின்றவர்களுக்காக அவர் கோபப்பட்டார் என்றே நான் வாசிக்கிறேன்.

அத்தை சொன்ன இடம்

டிவி, யூடியூப் ஊழியங்களை ஒட்டுமொத்தமாகத் திட்ட எனக்கு மனம் வராது. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்கு ஞாயிறு ஆராதனை ஃபோனில்தான் வருகிறது. வளைகுடா நாட்டில் லேபர் கேம்ப் அறையில் இருக்கும் தம்பிக்குத் தமிழில் ஒரு வசனம் கேட்க அதுதான் வழி. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் அழுகிற பெண் ஜெப எண்ணுக்கு அழைத்தால் யாரோ ஒருவர் எடுத்துப் பேசுகிறார். எங்கள் சபையில் அந்த நேரத்துக்கு யாரையும் எழுப்ப முடியாது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

சிக்கல், பணம் கேட்கிற இடத்தில் இருக்கிறது. அண்மையில் ஒரு நேரலையை முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். பாட்டு, சாட்சி, செய்தி எல்லாம் வழக்கம்போல. திரையின் மூலையில் க்யூஆர் கோடு ஆரம்பம் முதல் முடிவுவரை நின்றது. செய்தி முடிகிற நேரத்தில் கீபோர்டு மெதுவாக ஏறியது. "இந்த மாசம் உங்களுக்கு ஒரு வாசல் திறக்குது, கர்த்தர் எனக்குக் காட்டுறார். ஆனா நீங்க விசுவாசத்துல ஒரு விதை விதைக்கணும்" என்றார். அப்புறம் விதைக்கு அளவு சொன்னார். வேலைக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு தொகை, வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு தொகை, பிள்ளைக்காக ஏங்குகிறவர்களுக்கு ஒரு தொகை. கமெண்டில் ஆமென், ஆமென் என்று ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு அம்மா, "ஐயா என்கிட்ட இப்போ நூறு ரூபாதான் இருக்கு, அனுப்பலாமா?" என்று எழுதியிருந்தார். யாரும் பதில் போடவில்லை. அடுத்தடுத்து வந்த ஆமென்கள் அந்தக் கேள்வியை மேலே தள்ளிக்கொண்டு போய்விட்டன.

அந்த அம்மா அன்றைக்கு என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பார்? நூறு ரூபாய்க்கு வாசல் திறக்குமா, பாதி திறக்குமா என்றா? பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் போனால், நம் விதை போதவில்லை என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாரா? பலன் வந்தால் ஊழியருக்குச் சாட்சி, வராவிட்டால் விசுவாசியின் குறை. இப்படி ஒரு ஏற்பாட்டில் ஊழியர் தோற்கவே வழியில்லை. எப்போதும் தோற்பது அந்த அம்மாதான்.

சமாரியாவில் சீமோன் பணத்தோடு வந்து அப்போஸ்தலர்களின் வல்லமையைக் கேட்டபோது பேதுரு சொன்னதில் கொஞ்சமும் பூச்சு இல்லை: "தேவனுடைய வரத்தைப் பணத்தினாலே சம்பாதித்துக்கொள்ளலாமென்று நீ நினைத்தபடியால் உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகக்கடவது." அங்கே கொடுக்க வந்தவன் திட்டு வாங்கினான். இன்று அப்படி ஒருவன் வந்தால் மேடையில் ஏற்றி முதல் வரிசையில் உட்காரவைக்கிறார்கள். தீர்க்கதரிசி எலிசாவும் பேதுருவைப் போலத்தான். குஷ்டம் நீங்கிய நாகமான் காணிக்கையை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியும் வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் இரண்டு தாலந்து வெள்ளி வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்கு அந்தக் குஷ்டமே வந்து சேர்ந்தது.

விதை விதைத்தால் பலமடங்கு விளையும் என்ற இந்தப் பாணியை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க டிவி ஊழியர்கள்தான் பிரபலமாக்கினார்கள். அதில் முக்கியமானவர் ஓரல் ராபர்ட்ஸ். 1987-இல், குறித்த நாளுக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் தேவன் தன்னை எடுத்துக்கொள்வார் என்று அவர் டிவியில் சொன்னது உலகம் முழுக்கச் செய்தியானது. அதே காலத்தில் ஜிம் பேக்கர் என்பவர், ஆயிரம் டாலர் கொடுத்து ஆயுள் பங்காளரானால் தன் ஊழிய வளாகத்து ஹோட்டலில் வருஷந்தோறும் மூன்று இரவு இலவசமாகத் தங்கலாம் என்று விற்றார். ஹோட்டல் தாங்குவதைவிட மிக அதிகமான பேருக்கு விற்றுவிட்டார். 1989-இல் மோசடிக்காக அவருக்குத் தண்டனை கிடைத்தது. அனுப்பியவர்களில் ஏராளமானோர் ஓய்வூதியத்தில் வாழ்ந்த சாதாரண மனிதர்கள்.

இன்னும் பின்னால் போனால் டெட்செல் நிற்கிறார். ரோமில் பரிசுத்த பேதுரு ஆலயம் கட்டவும், மைன்ஸ் பேராயர் ஃபுக்கர் குடும்பத்திடம் வாங்கிய கடனை அடைக்கவும், பாவத் தண்டனையிலிருந்து விடுதலை தரும் சீட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். 1517-இல் லூத்தர் அதை எதிர்த்து எழுதிய 95 வாக்கியங்களைச் சீர்திருத்த ஞாயிறன்று நாம் பெருமையாக நினைவுகூர்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று வாசிப்பவர் குறைவு. 43-ஆவது, ஏழைக்குக் கொடுப்பவனும் தேவைப்படுபவனுக்குக் கடன் கொடுப்பவனும் சீட்டு வாங்குபவனைவிட நல்லது செய்கிறான் என்கிறது. 46-ஆவது, தேவைக்கு மிஞ்சி இல்லாதவர்கள் தங்கள் குடும்பத்துக்கு வேண்டியதை வைத்துக்கொள்ள வேண்டும், அதைச் சீட்டில் வீணாக்கக் கூடாது என்கிறது. 86-ஆவது, அவ்வளவு பணக்காரரான போப் ஏழை விசுவாசிகளின் பணத்துக்குப் பதிலாகத் தன் பணத்திலேயே அந்த ஆலயத்தைக் கட்டினால் என்ன என்று கேட்கிறது. நாம் புராட்டஸ்டண்ட் சபைகளாகப் பிரிந்ததன் ஆரம்பமே இந்தக் கேள்விகள்தான். அவற்றை மறந்துவிட்டு, அபிஷேக எண்ணெய் பாட்டிலுக்கும் ஜெபத் துணிக்கும் நாம் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே இந்த இடத்தைப் பற்றி என் முடிவு: ஒரு டிவி ஊழியத்தின் செய்தி உங்களைத் தேற்றியிருந்தால், நன்றியாக ஒரு தொகை அனுப்புவதில் தப்பில்லை. உங்கள் ஜெப விண்ணப்பத்தோடு தொகையைச் சேர்த்துக் கேட்கும் இடத்துக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். எந்த நல்ல இடமாக இருந்தாலும் தசமபாகம் முழுவதையும் அங்கே கொடுக்காதீர்கள். காரணம் எளிது. அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று நேரில் போய்க் கேட்க உங்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

அம்மா சொன்ன இடம்

ஊர்ச் சபையைப் பற்றிப் பேச எனக்கு நிறைய உண்டு, நல்லதும் கெட்டதும்.

தென்மாவட்டத்துச் சபைகளில் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். ஆலயத்துக்கு வெளியே பந்தலில் மேசை போட்டிருப்பார்கள். வாழைத்தார், பூசணி, தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, காலைக் கட்டிய சேவல், கிண்ணத்தில் முட்டை, வீட்டில் சுட்ட முறுக்கு என்று காணிக்கையாக வந்ததெல்லாம் இருக்கும். ஏலம் விடுகிறவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒத்தை முட்டை, நூறு ரூபா ஒரு தரம்..." என்று ஆரம்பிப்பார். சென்னையிலிருந்து வந்த அண்ணாச்சி இருநூறு என்பார். மும்பையிலிருந்து வந்தவர் விடமாட்டார். முட்டை ஐந்நூறுக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்ப மேசையிலேயே வைத்து, "சபைக்குத்தான், இன்னொரு தடவை விடுங்க" என்பார். கூட்டம் சிரிக்கும்.

புதிதாகப் பார்க்கிறவருக்கு இது அப்பட்டமான வியாபாரம். விலை இருக்கிறது, போட்டி இருக்கிறது, கொஞ்சம் பெருமையும் இருக்கிறது. ஆனால் அந்த முட்டைக்குள் ஆசீர்வாதம் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஐந்நூறு கொடுத்தவருக்கு அதிக ஜெபம் என்றும் இல்லை. ஒரு கட்டுக் கறிவேப்பிலை கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போன ஆச்சி, ஏலத்தில் வாயே திறந்திருக்க மாட்டார். மத்தியானம் அசனப் பந்தியில் அவரும் உட்காருவார், மும்பைக்காரரும் உட்காருவார். ஒரே வாளியிலிருந்து ஒரே குழம்பு. எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இப்படி இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். சாதி பார்த்துப் பந்தியையும் கல்லறையையும் பிரித்த வெட்கம் நம் சபைகளுக்கு உண்டு, சில இடங்களில் இன்னமும் உண்டு. ஆனால் பந்தி சரியாக நடக்கிற இடத்தில், காணிக்கை என்றால் என்னவென்று ஒரு பிரசங்கமும் இல்லாமல் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது.

இதே சபை என் அளவுகோலில் மோசமாகத் தோற்கிற இடமும் உண்டு. ஒரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஓலை வாசிக்க, அதாவது கல்யாண அறிவிப்பை ஆலயத்தில் வாசிக்கச் சொல்லிப் போனபோது, சங்கச் சந்தா, அதாவது சபை உறுப்பினர் கட்டணப் பாக்கியைக் கட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பெண்ணின் அப்பா கொத்தனார் வேலைக்குப் போகிறவர்; இடையில் விழுந்து முதுகு அடிபட்டு வேலை இல்லாமல் கிடந்தார். சந்தா நின்றது அந்தக் காலத்தில்தான். வட்டிக்கு வாங்கிக் கட்டினார். அந்தச் சபையின் பெயர் வேண்டாம், ஆனால் இந்தக் கதை பல சேகரங்களில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளில்) நடப்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் அடக்க ஆராதனைக்கும் இதே கதை. அவர் விழுந்து கிடந்தபோது சந்தா ஏன் வரவில்லை என்று பார்க்கப் போயிருக்க வேண்டியவர்கள், ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் காத்திருந்தார்கள். திரையில் விதைக்கு விலை சொன்னவருக்கும் இவர்களுக்கும் நான் வித்தியாசம் பார்ப்பதில்லை.

தேர்தல் சண்டை, சொத்து வழக்கு, மின்விசிறியின் இறக்கையில்கூட உபயம் என்று பெயர் எழுதுவது, இவையெல்லாம் தெரிந்த விஷயங்கள். நீட்டவில்லை.

இருந்தாலும் நான்கில் முதல் இடத்தை ஊர்ச் சபைக்கே கொடுக்கிறேன். இங்கே தப்பு நடந்தால் எழுந்து நின்று கேட்க முடியும். வருஷக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கிறார்கள். வாசிக்காவிட்டால் ஏன் என்று கேட்க ரசீது வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்ற மல்கியா 3:10-ஐ மேடையில் நூறு தடவை கேட்டிருப்போம். அதே அதிகாரம் ஐந்தாம் வசனத்தில், கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைப்பவர்களுக்கும் விதவையையும் திக்கற்றவனையும் ஒடுக்குபவர்களுக்கும் விரோதமாகத் தேவன் சாட்சியாக நிற்கிறார்; அதை யாரும் எடுப்பதில்லை. பண்டசாலை எப்படி நடந்தது என்று தெரிய நெகேமியா 13-ஐ வாசிக்க வேண்டும். தேவாலயப் பணிவிடை செய்த லேவியர்களுக்குச் சேரவேண்டிய பங்கு சேராமல் அவர்கள் வயலுக்கு ஓடிப்போயிருந்தார்கள். நெகேமியா அதிகாரிகளைக் கண்டித்தார். ஜனங்கள் தானியமும் ரசமும் எண்ணெயும் கொண்டுவந்தபோது, உண்மையுள்ளவர்கள் என்று பெயரெடுத்த ஆட்களைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக நியமித்தார். ஒருவர் கையில் விடவில்லை. பவுலும் எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் குறை சொல்ல இடம் வரக்கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்தவர்களைக் கூட வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8).

வாடகை ஹாலிலும் கூரைக் கொட்டகையிலும் நடக்கும் சிறிய தனிச் சபைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பாஸ்டருக்குச் சம்பளம் கிடையாது, காணிக்கைதான் வீட்டுச் செலவு. சுவிசேஷத்தை அறிவிப்பவர்களுக்கு அதிலேயே பிழைப்பு உண்டு என்று பவுல் எழுதியிருக்கிறார், அதில் குற்றமே இல்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் பாஸ்டர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சபைப் பணமும் குடும்பப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் இருக்கக் கூடாது. விசுவாசிகளில் இரண்டு பேர் கணக்கு எழுதட்டும் என்று அன்பாகச் சொல்லிப் பாருங்கள். நல்ல பாஸ்டருக்கு அது பெரிய நிம்மதி.

தாத்தா சொன்ன இடம்

திருநெல்வேலியில் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா அதன் தூண். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அவர்களின் தீர்மானம். நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதிக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களின் காணிக்கையில் ஊழியர்கள் போனார்கள். அசரியா 1912-இல் அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அதற்கும் முன்பே, 1830-இல், ரேனியஸ் என்ற மிஷனெரியின் காலத்தில் தர்ம சங்கம் ஏற்பட்டது. கிறிஸ்தவர்களானதால் ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த, விசுவாசிகளே போட்ட பணம் அது.

இந்தப் பணம் வந்த வழியை நம் பாட்டிமார் அடுப்படியில் பார்க்கலாம். சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். கூலி வேலைக்குப் போகிற வீட்டிலும் அந்தப் பானை இருந்தது. கைப்பிடியின் அளவை யாரும் கேட்டதில்லை, அரிசி இல்லாத வாரம் பானை காலியாக இருந்தால் யாரும் ஒன்றும் சொன்னதுமில்லை.

கேட்காமலே நடந்த ஊழியங்கள் உண்டு. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் பிள்ளைகளை வளர்த்தபோது பணத்துக்கு விண்ணப்பம் விடுவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். அவருக்கு முன்னே இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார். முல்லரிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று: அவர் பணம் கேட்கமாட்டார், ஆனால் வந்ததையும் செலவழித்ததையும் அச்சிட்டு வெளியிடுவார். 1841-இன் கடைசியில் கையில் ஒன்றுமில்லாத நெருக்கடி. அப்போது அறிக்கை வெளியிட்டால் அதுவே கேட்பது போல ஆகிவிடும் என்று, வழக்கமான நேரம் வந்தும் தள்ளிவைத்தார். இப்போது அறிக்கைகள் எதற்காக அச்சாகின்றன என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மிஷனெரி சங்கங்களிலும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பழங்குடிப் பிள்ளைகளின் கிழிந்த சட்டையைப் பெரிய படமாகப் போட்டு, அந்தப் பிள்ளையின் பெற்றோர் அதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்காத பத்திரிகைகள் வருகின்றன. எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டிப் பணம் கேட்பவர்களும் உண்டு. நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: களத்தில் இருக்கும் ஊழியருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் போகிறதா? அவர் பிள்ளைகளின் படிப்புக்கு என்ன ஏற்பாடு? நோய் வந்தால் யார் பார்ப்பார்கள்? அலுவலகச் செலவு எவ்வளவு? தணிக்கை செய்த கணக்கு ஒரு பிரதி கிடைக்குமா? மரியாதையாகக் கேட்டால் நல்ல சங்கம் மகிழ்ச்சியோடு சொல்லும்.

நண்பன் சொன்ன இடம்

நேரடியாக ஏழைக்குக் கொடுப்பதை, அது காணிக்கை ஆகாது என்று தள்ளுகிற போதகர்கள் உண்டு. உபாகமம் 14 வேறு மாதிரி சொல்கிறது. மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் அவரவர் ஊர் வாசல்களிலேயே வைக்கப்பட வேண்டும்; லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். யாக்கோபு, மாசில்லாத பக்தி எது என்று சொல்லும்போது திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதைத்தான் முதலில் வைக்கிறார்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை நகரத்தில் ஐடி வேலை, மாதம் தவறாமல் ஒரு பெரிய ஊழியத்துக்குத் தசமபாகம் போகிறது. ஊரில் அப்பாவுக்கு சுகர், அம்மாவுக்கு மூட்டுவலி. மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார்கள். கேட்டால், "அவன் கர்த்தருக்குக் கொடுக்கிறான்யா, நாம எப்படிக் கேக்கிறது" என்கிறார்கள். மாற்கு 7-ஐ அந்தப் பிள்ளைக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களைப் பார்த்து, உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்றார் இயேசு. பெற்றோரின் மருந்துச் செலவு தசமபாகத்துக்கு முந்தினது. கந்துவட்டியில் மாட்டியிருப்பவருக்கும் இதையே சொல்வேன். கடனை முதலில் கட்டுங்கள். கொடுக்காததால் சாபம் வரும் என்று யாராவது பயமுறுத்தினால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று எழுதின பவுலுக்கு அந்தச் சாபம் தெரிந்திருக்கவில்லை.

நேரடி உதவியில் ஒரு ஆபத்தும் உண்டு. வாங்குகிறவர் நம்மைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பிப்பார். ஞாயிறு ஆலயத்துக்கு வரச்சொல்லி நாமும் அதிகாரமாகக் கேட்க ஆரம்பிப்போம். அப்போது நாமும் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்துவிட்டோம் என்று அர்த்தம். ஃபீஸைப் பள்ளியிலேயே கட்டிவிடுங்கள், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் ஒத்துக்கொள்வார்கள்.

சரி, எப்படிப் பிரிப்பது?

முப்பதாயிரம் சம்பளம், மூவாயிரம் கொடுக்க மனம் என்று வைத்துக்கொள்வோம். என்னைக் கேட்டால் ஆயிரத்து ஐந்நூறு ஊர்ச் சபைக்கு, ரசீதோடு. எழுநூறு, கணக்குக் காட்டுகிற ஒரு மிஷனெரி சங்கத்துக்கு. வருஷக்கணக்கில் மாறாமல் ஒரே இடத்துக்குப் போனால்தான் களத்தில் இருப்பவர் அதை நம்பித் திட்டமிட முடியும். மீதி எண்ணூறு கையிலேயே இருக்கட்டும். மாதத்துக்குள் யாராவது ஒருவரின் தேவை காதில் விழும். டிவி ஊழியத்துக்கு மாதக் கணக்கு எதுவும் வைக்க வேண்டாம். நன்றி சொல்லத் தோன்றும்போது அனுப்பினால் போதும்.

சபை சந்தாவுக்காக ஓலையை நிறுத்துகிற சபையாக இருந்தால்? அப்போதும் நான் விலகச் சொல்லமாட்டேன். பாதியைக் கொடுத்துக்கொண்டே வருஷக் கூட்டத்தில் எழுந்து, இயலாதவர்களின் சந்தாவைத் தள்ளுபடி செய்யத் தீர்மானம் கொண்டுவாருங்கள். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும். எங்கள் கமிட்டியில் இதை நிறைவேற்றினோம். சந்தா வருமானம் குறையும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஏற்கெனவே ஏதாவது பங்காளர் திட்டத்தில் சேர்ந்து மாதாமாதம் பணம் தானாகப் போய்க்கொண்டிருந்தால், உங்கள் யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து அந்த மேன்டேட்டை, அதாவது பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை, நீங்களே ரத்து செய்யலாம். வங்கிக் கணக்கில் நேராகப் பிடிப்பதாக இருந்தால் கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். ரத்து செய்தபிறகு அவர்களிடமிருந்து அழைப்பு வரக்கூடும். வேறு இடத்தில் கொடுக்க முடிவு செய்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் விளக்க வேண்டியதில்லை. "பரவாயில்லைம்மா, ஜெபக் குறிப்பு இருந்தா எப்ப வேணா சொல்லுங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தால், நல்ல ஊழியம். நன்றிக் காணிக்கைக்கு அந்த எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆசீர்வாதம் நின்றுவிடும், பிள்ளையின் எதிர்காலத்தை யோசியுங்கள் என்று ஆரம்பித்தால், ஃபோனை வைத்துவிட்டு எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.